கொல்லிமலை: எழுபது வளைவுகளும் ஒரு கைக்கடிகாரமும்

முதலில் அந்த ஆம்னி பஸ்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மனம் ஆறும். சென்னையிலிருந்து நாமக்கல்லுக்கு எனக்கு டிக்கெட் 750 ரூபாய். என் சைக்கிளுக்கு 600 ரூபாய்! முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸின் வயிற்றுக்குள் படுக்க வைத்தது நான். அவர் செய்த ஒரே வேலை கதவைச் சாத்தியது. "கீறல் விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை சார்" என்ற உபசாரம் வேறு. புறப்படும் முன்பே அவரிடம் பேரம் பேசி முடித்துவிடுங்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் பேசினால் அவர் சொல்வதுதான் விலை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அதுவரை சமவெளி, சொல்வதற்கு ஒன்றுமில்லை. காரவள்ளியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. இந்தப் பலகைகளுக்காகவே நான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் இதுதான். நானும் நண்பரும் சைக்கிள் ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்கிறவர்கள். அவரிடம் காற்றழுத்தமானி உள்ள சைக்கிள் கம்ப்யூட்டர். என்னிடம் கைபேசிச் செயலி. ஒரே சாலையில், ஒன்றாகவே ஏறினோம். மேலே போய்ப் பார்த்தால் இரண்டு கருவிகளுக்கும் தூரத்தில் அரை கிலோமீட்டர் சண்டை. ஏறிய உயரத்திலும் அப்படியே: கைபேசி 1,010 மீட்டர் என்றது, அவருடையது 925. நான் அவருடையதைத்தான் நம்புகிறேன். எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும். வானிலை திடீரென்று மாறாத வரை அந்தக் கணக்கு பெரிதாகப் பிசகாது. செயற்கைக்கோளை மட்டும் நம்பும் கருவிக்கு உயரம் எப்போதுமே தகராறுதான். தூரமும் கொண்டை ஊசி வளைவில் கெடுகிறது. இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து வளைவை அது வெட்டிவிடும். பாறைச் சுவர் பக்கத்தில் இருந்தால் புள்ளியே சாலையை விட்டுத் தாவும். தூரம் சரியாக வேண்டுமென்றால் சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் உணரி (சென்சார்) பொருத்துவதே வழி. 700x25 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் உருளும்; அதில் செயற்கைக்கோளுக்கு வேலையே இல்லை.

என்னை உண்மையில் எரிச்சலூட்டியது வேறு. செயலி "நகர்ந்த நேரம் 1 மணி 52 நிமிடம்" என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தது. காரவள்ளியில் மிதிக்கத் தொடங்கி சோளக்காட்டில் இறங்கும் வரை கைக்கடிகாரத்தில் 2 மணி 20 நிமிடம். நடுவில் தண்ணீருக்கும் குரங்குகளுக்கும் நின்றதை எல்லாம் செயலி கழித்துவிட்டது. போதாக்குறைக்கு, செங்குத்தான வளைவில் நான் உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருக்கும்போதே "நின்றுவிட்டார்" என்று தானாக ஓய்வெடுத்துக்கொள்கிறது. மூச்சு வாங்கிய நேரமும் ஏறிய நேரம்தான். சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் குறிப்பிட்ட பாதைத் துண்டுக்குத் தரும் நேரமும் நின்றதைச் சேர்த்தே கணக்கிடப்படுகிறது, அது நியாயம்.

925 மீட்டரை அந்த 2 மணி 20 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 400 மீட்டர் உயரம்கூட வரவில்லை. ஏற்றத்தில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். கிலோமீட்டர் வேகம் சரிவுக்குச் சரிவு மாறி ஏமாற்றும். பிரான்சின் அல்ப் துவெஸ் ஏற்றத்தை 1997இல் இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் மார்கோ பான்டானி 38 நிமிடங்களுக்குள் முடித்தார். அது மணிக்கு 1,700 மீட்டருக்கும் மேல். ஊக்கமருந்துக் காலம் என்று எவ்வளவு கழித்தாலும் என் எண் அதன் பக்கத்தில் வராது.

ஆகவே என் முறை: பத்து வளைவுக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்துவது. பலகைகள் சம தூரத்தில் இல்லை. இருக்கட்டும், அடுத்த முறையும் அவை அதே இடத்தில்தான் நிற்கும். என் சைக்கிளின் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 32 பல். அதற்கும் கீழே இறங்க கியர் இல்லை. நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் என் நேரம் படுத்துவிட்டது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி மலைச்சாலைக்கு உண்டு. இறங்கி வந்த கார்களில் பாதிக்கு அது தெரியவில்லை. அரசு பஸ் ஓட்டுநர்கள்தான் ஒழுங்காக ஒதுங்கினார்கள்.

செலவு, தங்குமிடம் எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் முடவாட்டுக்கால் சூப் குறுக்கே வந்துவிட்டது. பாறையில் வளரும், ரோமம் மூடிய கிழங்கு. மிளகு தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் 30 ரூபாய். மூட்டுவலிக்கு நல்லது என்று கடைக்கார அம்மா சத்தியம் செய்தார். வலி போனதா என்று கேட்காதீர்கள், ருசிக்காகவே இரண்டாவது டம்ளர் வாங்கினேன். பக்கத்திலேயே அன்னாசித் துண்டுகள், உப்பும் மிளகாய்த் தூளும் தூவி. இரண்டுக்கும் சேர்த்து நான் கொடுத்தது அந்த ஆம்னி பஸ்ஸில் சைக்கிள் நூறு கிலோமீட்டர் தூங்கி வந்ததற்கான காசுகூட இருக்காது.

அறை வேண்டுமென்றால் செம்மேட்டில் வார நாட்களில் தேடுங்கள். சனிக்கிழமை வாடகை கேட்டாலே இதயத் துடிப்பு ஏறும். நண்பர் இப்போது மிதிக்கும் விசையை அளக்கும் பவர் மீட்டர் வாங்கப்போகிறாராம், நாற்பதாயிரத்துக்கு மேல். நான் பின்னால் 36 பல் வரும் கியர் அடுக்கை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.