ஏ1 வாங்கியதால் பிரிந்தவர்கள்

நான் எழுதிக்கொண்டிருக்கும் இளையர் நாவலில் கதாநாயகனுக்குத் தமிழ்த் தேர்வில் ஏ1, அதாவது ஆக உயர்ந்த தரநிலை, கிடைக்கிறது. அதனாலேயே காதலுக்குக் கஷ்டகாலம் ஆரம்பிக்கிறது. வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னதும் ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், "காதலிச்சா மார்க் குறையணுமே, நீங்க என்ன தலைகீழா எழுதறீங்க?" என்று கேட்டார். அங்கே சரியாகப் பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கதை 2019ல் சிங்கப்பூரில் நடக்கிறது. யாழினிக்கும் ரிஷிக்கும் வயது 16, இருவரும் உயர்நிலை நான்கு. அவள் ஈசூன், அவன் ஜூரோங் ஈஸ்ட். வெவ்வேறு பள்ளி, இரண்டிலுமே தமிழ் கிடையாது. அதனால் பள்ளி முடிந்த கையோடு, சீருடை கசங்கி, பசியோடு, பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு வருகிறார்கள். (என் அப்பா அந்தக் காலத்து உமறுப் புலவர் பள்ளியில், மேக்ஸ்வெல் ரோட்டில், படித்தவர். 1982ல் அதை மூடிவிட்டார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் மகள் ஒரு காதலை ஆரம்பித்து வைக்கிறாள் என்று தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.)

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. இங்கே மக்கள்தொகையில் இந்தியர் 9 விழுக்காடு சொச்சம்தான், அதிலும் எல்லாரும் தமிழர் இல்லை. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நம் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருந்தாலே அதிகம். தமிழ் வீட்டுப் பெண்ணும் தமிழ் வீட்டுப் பையனும் வாராவாரம் ஒரே அறையில் உட்காருகிற இடம், சொந்தக்காரர் கல்யாணத்தையும் கோயிலையும் விட்டால், தமிழ் வகுப்புதான். பெற்றோரே "லேட் ஆச்சு, கிளம்பு கிளம்பு" என்று விரட்டி அனுப்பிவைக்கிற இடம் வேறு. ஒரு காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரயில் பாதையும் எனக்கு உதவியது. வகுப்பு முடிந்து ஃபேரர் பார்க்கில் ஏறினால் அடுத்தது லிட்டில் இந்தியா, அதற்கடுத்தது தோபி காட். அங்கே இறங்கி மாற வேண்டும். அவள் வடக்கே போக வேண்டியவள். அவன் தெற்கே சிட்டி ஹாலுக்குப் போய், கிழக்கு மேற்கு ரயிலைப் பிடித்தால் சீக்கிரம் வீடு சேரலாம். ஆக, சேர்ந்து பேச அவர்களுக்குக் கிடைப்பது இரண்டே நிறுத்தம். "உன் பேர் என்ன, எந்த ஸ்கூல்" என்பதற்கே அது சரியாக இருக்கும். ஆனால் அவள் போகிற சிவப்புப் பாதை வடக்கே ஈசூன், உட்லண்ட்ஸ் எல்லாம் சுற்றி வளைந்து கடைசியில் ஜூரோங் ஈஸ்ட்டில்தான் முடிகிறது! நாலாவது அத்தியாயத்தில் ரிஷி ஒன்றும் பேசாமல் அவள் ஏறுகிற ரயிலிலேயே ஏறிவிடுகிறான். "நீ அந்தப் பக்கம்தானே?" என்கிறாள். "இதுவும் ஜூரோங் போகும்" என்கிறான். பிஷானுக்கு முன்னால் ரயில் நிலத்தடியை விட்டு வெளிச்சத்துக்கு வரும்போதுதான் அவளுக்கு அவன் எவ்வளவு தூரம் சுற்றப்போகிறான் என்று உறைக்கிறது. நாவலில் "ஐ லவ் யூ" எங்கேயும் வராது. இந்தச் சுற்று போதும் என்று விட்டுவிட்டேன்.

சரி, வில்லன் யார்? நம் கதைகளில் வழக்கமாக அப்பா கையை ஓங்குவார், அல்லது ஒரு மாமா வந்து குடும்ப மானத்தைப் பற்றி ஒரு பக்கம் பேசுவார். இங்கே நான் பார்த்த வீடுகளில் அப்படி அதிகம் நடப்பதில்லை. இங்கே பதினாறு வயதுக் காதலை அமுக்குவது நேர அட்டவணை. காலையில் பள்ளி, பிறகு சிசிஏ என்கிற இணைப்பாட நடவடிக்கை, பிறகு டியூஷன், சனிக்கிழமை இன்னொரு டியூஷன், ஆகஸ்ட் வாக்கில் பிரிலிம் என்கிற முன்னோட்டத் தேர்வு, அப்புறம் ஓ லெவல் என்கிற உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு. இரண்டு பிள்ளைகளின் அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவாகக் காலியாக இருப்பது ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். அன்றைக்குப் பார்த்து யாராவது வீட்டில் பூப்புனித நீராட்டு விழா வரும்.

இனி அந்த ஏ1 விஷயம். ஓ லெவலில் தாய்மொழித் தாளை மற்றப் பாடங்களுக்கு முன்பே, ஆண்டின் நடுவில் எழுதிவிடுவார்கள். ஆகஸ்டில் முடிவு வரும். கிடைத்தது போதும் என்றால் அதோடு தமிழ் வகுப்புக்கு முழுக்கு. போதாது என்றால் ஆண்டிறுதியில் இன்னொரு முறை எழுதலாம், இரண்டில் எது நல்லதோ அதை எடுத்துக்கொள்வார்கள். (2027ல் ஓ லெவல் போய்ப் புதுச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. கதையை 2019ல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.)

ரிஷி வீட்டில் தமிழ் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். பி3 தேறினாலே பெரிய விஷயம். யாழினிக்கு முன்னால் தப்புத் தப்பாக வாசித்து அசிங்கப்படக் கூடாது என்பதற்காகவே அவன் முதல்முறையாக வீட்டில் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கிறான், வானொலியில் ஒலி 96.8 கேட்கிறான், பாட்டியிடம் தமிழில் பேச்சுக் கொடுக்கிறான். ஆகஸ்டில் ஏ1. வீட்டில் கொண்டாட்டம், கேக், அத்தைமார் போன். இனிமேல் அவன் பீட்டி ரோடு பக்கம் வரக் காரணமே இல்லை.

யாழினிக்கு ஏ2. அதுவும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் அவள் வேண்டுமென்றேதான் ஏ2 வாங்கினாள். கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதாமல் விட்டால் மறுபடியும் உட்கார வேண்டியிருக்கும், வகுப்பு தொடரும், ரயில் தொடரும் என்று கணக்குப் போட்டவள் அவள். அவனும் அப்படித்தான் வாங்குவான் என்று நம்பியிருந்தாள். "இன்னொரு தடவை எழுதறேன், ஏ1 வேணும்" என்று வீட்டில் சொன்னதும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து நண்பர்களிடம், "இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தமிழ்ப் பற்று இருக்கு?" என்கிறார். பக்கத்து புளோக்கில் ஒரு தமிழ் டியூஷனும் சேர்த்துவிடுகிறார். அவர் பேருந்து ஓட்டுகிறவர். அந்தக் கட்டணத்துக்காக ஓவர்டைம் எடுக்கிறார். ரிஷி இல்லாத வகுப்பில், அப்பாவின் ஓவர்டைம் காசில், யாழினி உட்கார்ந்திருக்கிறாள். அந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்கே அவள்மேல் கோபம் வந்தது. ஆனாலும் அவளைத் தண்டிக்கவில்லை. நம்மிடம் பிள்ளைகளுக்காக எழுதப்படும் கதைகளில் பாதி, காதலித்த பெண் ஃபெயிலாகிக் கண்ணீர் வடிப்பதில்தான் முடிகிறது. அதைப் படித்துத் திருந்திய ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை.

குடும்பத்தைப் பற்றி எழுதும்போது வீட்டின் அளவுதான் முதலில் வருகிறது. யாழினி வீடு, ஹாலையும் சேர்த்து நாலறை கொண்ட வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, அக்காவுக்கு ஒன்று, யாழினியும் பாட்டியும் ஒன்றில். பாட்டி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார், ஆனால் தூங்க மாட்டார். ஹாலில் அப்பா டிவியில் வசந்தம் பார்த்துக்கொண்டிருப்பார். போன் பேச எங்கே போவாள்? பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிவைத்த சின்ன அறைக்குள். புது புளோக்குகளில் வசிக்கிறவர்களுக்குத் தெரியும்: கனமான இரும்புக் கதவு, தடித்த சுவர், உள்ளே அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, தீபாவளி விளக்குப் பெட்டி. வீட்டிலேயே நன்றாக மூடக்கூடிய கதவு அதுதான். உள்ளே போய் மூடினால் சிக்னல் கிடைக்காது. சிக்னலுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால் வீடே கேட்கும். அதனால் அவள் டெலிகிராமில் தட்டிக்கொண்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டி ஒருநாள் கதவைத் தட்டி, "உளுந்து எடுக்கணும்டி, அந்தப் பையன்கிட்ட அஞ்சு நிமிசம் கழிச்சுப் பேசறேன்னு சொல்லு" என்கிறார். அவ்வளவுதான், பாட்டிக்குத் தெரியும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் அவரை வைத்து ஞான உபதேசம் எதுவும் செய்யவில்லை.

என் காலத்தில் பாம் ஷெல்டரும் இல்லை, டெலிகிராமும் இல்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பொதுத் தொலைபேசி, கையில் பத்துக் காசு, பேஜரில் 143. அவ்வளவுதான் சொல்வேன், என் கணவரும் இதைப் படிக்கிறார்.

அக்கா பாத்திரம் முதலில் சும்மா வந்தது. இப்போது அவளை வெட்ட மனமில்லை. வயது 25, அவளுக்கும் ஒரு காதல். மூன்று வருஷமாக வீட்டில் அந்தப் பையன் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. இருவரும் பிடிஓ, அதாவது அரசாங்கம் புதிதாகக் கட்டித்தரும் வீட்டுக்கு விண்ணப்பித்துக் குலுக்கலில் நல்ல எண் கிடைத்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி: "எந்த ஏரியா?" மறுவாரம் பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி ஜாதகத்தைவிடப் பலமாக வேலை செய்கிறது. ஒரே வீட்டில் ஒரு காதலுக்கு மாடி எண்ணும் கதவு எண்ணும் இருக்கிறது, இன்னொன்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. யாழினிக்கு வருகிற ஆத்திரமெல்லாம் அங்கிருந்துதான்.

என் மகனுக்கு 17 வயது. உரையாடல்களை அவனிடம்தான் காட்டுகிறேன். இரக்கமே இல்லாத எடிட்டர். "அம்மா, யாரும் இப்படி டெக்ஸ்ட் பண்ண மாட்டாங்க. முற்றுப்புள்ளி வெச்சா கோபமா இருக்கான்னு அர்த்தம்." நான் எல்லா முற்றுப்புள்ளியையும் எடுத்தேன். "வாட்ஸ்ஆப் வேணாம், அது பேமிலி குரூப்புக்கு." அதையும் மாற்றினேன். ஜூன் விடுமுறையில் இருவரும் "படிக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுச் சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் அத்தியாயத்தை மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். அங்கே ஜுவல் என்கிற கடைத்தொகுதி அந்த ஏப்ரலில்தான் திறந்திருந்தது. 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, ஊரே படம் எடுக்கிறது, ரிஷியின் தங்கை கூடவே ஒட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் கேட்கிறாள். முத்தம் இருக்கிறதா என்று வட்டத்தில் கேட்டார்கள். தங்கை ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்கிற நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. போதும்.

இவர்கள் பேசுவது நிஜத்தில் முக்கால்வாசி ஆங்கிலமாகத்தான் இருக்கும். நான் முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன். யாரும் புகார் சொல்லவில்லை, விட்டுவிடுகிறேன்.

2020 வருகிற பகுதி சுருக்கமானது. ஏப்ரல் 7லிருந்து ஜூன் 1வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம், வேறு வீட்டாரைப் பார்க்கக் கூடாது. அவன் பாலிடெக்னிக், அவள் தொடக்கக் கல்லூரி, இருவரும் வீட்டில் மடிக்கணினி முன்னால். முதல்முறையாக இரண்டு பேரிடமும் நேரம் கொட்டிக் கிடக்கிறது, பேச எதுவும் மிஞ்சவில்லை. சண்டை இல்லாமல், கண்ணீர் இல்லாமல் பதில்கள் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. இது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அந்த வயதுக் காதல்கள் நிறைய இப்படித்தான் தீர்ந்துபோயின, யாரும் பிரித்துவைக்காமலே.

கடைசி அத்தியாயம்தான் பாக்கி. பாலிடெக்னிக் முடித்து ரிஷி தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போகும் நாள். பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகு ஏறும்போது குடும்பமே கூட வருவது இங்கே வழக்கம். அம்மா, அப்பா, பாட்டி, தங்கை எல்லாரும் இருக்கிறார்கள். யாழினி வருவாளா? வரவேண்டும் என்கிறேன் நான், காதலியாக வேண்டாம், தோழியாகவாவது. மகன் ஒரேயடியாக மறுத்தான்: "வரமாட்டா. எதுக்கு வரணும்? ரெண்டு வருஷமா பேசவே இல்லை."

அடுத்த ஆண்டு இவனும் போக வேண்டியவன். அதனால் சும்மா கேட்டேன்: "உன்னை அனுப்ப யார் யார் வரணும்?"

"நீங்க, அப்பா."

"வேற யாரும்?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். நான் யாழினியைப் படகுத்துறைக்கு வரவழைப்பதாக முடிவு செய்துவிட்டேன். இந்த வாரம் எழுத ஆரம்பிக்கிறேன்.