புளியரைச் சாரலும் சித்தப்பாவின் எஞ்சின் சைக்கிளும்

ஜூலை 6, 2025, ஞாயிறு

சித்தப்பாவின் எஞ்சின் சைக்கிள் இன்று கிளம்பவில்லை. ஜூன் நடுவில் சாரல் பிடித்ததிலிருந்து மாட்டுக்கொட்டகை ஓரமாகவே நின்ற வண்டி. காலையில் தோப்புப் பாதைக்குத் தள்ளிப்போய், ஏறி மிதித்து, வேகம் வந்ததும் கிளட்சை விட்டேன். பிஸ்டன் ஏறி இறங்கும் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். சைலன்சரில் பொட்டுப் புகை இல்லை. ஏழெட்டுத் தடவை மிதித்ததில் தொடை இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன.

பெரிய சைக்கிளின் சட்டத்துக்குள் பூட்டிய சீனத்து டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அது. 80 சிசி என்று சொல்லித்தான் விற்றார்கள். சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 66 சிசிதான் வருகிறது. பதிவெண் கிடையாது என்பதால் ரோட்டில் ஏற்றுவதில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்து மலையடித் தோப்பு வரை ஒன்றரை கிலோமீட்டர், எல்லாம் எங்கள் சொந்தத் தடம். மூட்டு தேய்ந்த சித்தப்பாவுக்கு அந்த ஏற்றத்தை நடக்க முடியாது. தோப்பைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. மதியம் திண்ணையில் உட்கார்ந்து, "என்னப்பா, சரியாயிருமா?" என்று கேட்டார். ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்து ஜன்னலில் வைத்தேன். அரை மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே ஆயில் கலந்த பெட்ரோலின் பச்சை நிறம், அடியில் ஒரு விரற்கடை கலங்கிய தண்ணீர். கிடைத்துவிட்டது என்று மனசு குதித்தது.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். நம் ஊர்ச் சாரலில், டேங்க் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். டேங்கின் அடியிலிருந்துதான், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டருக்குக் குழாய் போகிறது, அதனால் எஞ்சினுக்கு முதலில் கிடைப்பது அந்தக் கலங்கல்தான்.

கார்ப்பரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தைத் துடைத்து, பெட்ரோல் பாயும் சின்னத் துளையான ஜெட்டை ஊதி, மிதவை தடங்கலில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்து மாட்டினேன். டேங்க் மூடிக்குப் புது ரப்பர் வெட்டிப் போட்டேன். புதுப் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்), அதாவது 25க்கு 1. (எஞ்சின் புதிதாக இருந்தபோது 16க்கு 1 கலந்தோம்.) மிதித்தேன். இரண்டு முறை 'டப்' என்றது. அப்புறம் பழைய கதைதான்.

ஜூலை 9, புதன்

நாள் முழுக்கச் சாரல். மலை கண்ணில் படவில்லை. கை வைக்கவில்லை.

ஜூலை 12, சனி

எல்லையிலுள்ள கோட்டவாசல் தாண்டி, கேரளத்து ஆரியங்காவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே அண்ணாச்சி ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். 1972-ல் வந்த லூனா, 1980-ல் வந்த டிவிஎஸ் 50 மொபெட்டுகள் எல்லாம் அவர் கை பட்டவை. இப்போது ரப்பர் தோட்டத்துப் புல்வெட்டி மெஷின்கள்தான் அவருக்கு அதிக வேலை. அதுவும் டூ ஸ்ட்ரோக்தானே.

நான் பெட்ரோல், தண்ணீர், ஜெட் என்று அடுக்கிக்கொண்டே போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, பிளக்கு நனைஞ்சிருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?" என்றார்.

பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் பொறி தட்டுவது அந்தப் பிளக்தான்; ஆறு நாளாக ஒரு தடவைகூட அதைக் கழற்றவில்லை.

"காஞ்சிருந்தா பெட்ரோல் வரலன்னு அர்த்தம். நனைஞ்சிருந்தா பெட்ரோல் வந்தாச்சு, கரண்டு வரல. அதைப் பாக்காம எதையும் கழட்டாதீங்க." டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒயர்களைச் சோதிக்கும் மல்டிமீட்டரையும் இரவல் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிளக் இல்லாமலே பின் சக்கரத்தைச் சுற்றினால் ஓட்டை வழியாகப் பெட்ரோல் துமித்தது. மிதிக்க மிதிக்க உள்ளே போய்த் தேங்கியதெல்லாம் அது. நன்றாக வெளியேற்றி, துணியால் துடைத்து, வாடை போகும்வரை வண்டியைத் தள்ளிவைத்தேன். பொறி பார்க்கும்போது பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது.

பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து, இடைவெளியை 0.6 மி.மீ.க்கு வைத்து, ஒயர் நுனியிலுள்ள பிளக் மூடியில் செருகி, ஓட்டைக்குத் தள்ளி சிலிண்டர் தலையில் ஒட்டிப் பிடித்துச் சுற்றினேன். மஞ்சளாக மெலிந்த பொறி ஒன்று. அடுத்த சுற்றில் அதுவும் இல்லை. நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு அடிக்க வேண்டியது.

முதலில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் ஒயரைப் பிரித்துவிட்டேன். அது நனைந்து உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் பொறி செத்துவிடும். மாற்றம் இல்லை. பிளக் மூடியைத் திருகிக் கழற்றினேன். ஒயரின் செம்பு நுனியில் பச்சைக் களிம்பு. அரை இஞ்ச் நறுக்கிவிட்டு மறுபடி திருகினேன். பொறி கொஞ்சம் தடித்தது, ஆனாலும் விட்டு விட்டுத்தான் வந்தது.

மல்டிமீட்டரை எடுத்தேன். பொறிக்குக் கரண்ட் தரும் மேக்னட் காயிலிலிருந்து வரும் நீல ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே 300லிருந்து 400 ஓம் வரை காட்டினால் நல்லது. 352 காட்டியது. நிம்மதியாக ஒயரைக் கீழே விட்டேன். எண் காணாமல் போய்விட்டது. தொட்டு அசைத்தால் 352, விட்டால் ஒன்றும் இல்லை.

காயிலை மறைக்கும் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்க வியர்த்த மாதிரி நீர்முத்துகள். காயிலின் இரும்புத் தகடுகளில் செந்துரு. ஒயர் வெளியே வரும் ஓட்டையின் ரப்பர் விறைத்துச் சுருங்கி, அதன் வழியாகத்தான் நீர் இறங்கியிருக்கிறது. நீல ஒயரைப் பற்றவைத்த இடத்தில் ஈயம் வெளுத்து, ஒயர் ஒரு மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் தண்ணீரைக் கண்டதும் அதுதான் வியாதி என்று நின்றுவிட்டேன். அதே சாரல் இங்கேயும் நுழைந்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

வெயிலே இல்லாததால் காயிலை இரண்டு நாள் அடுப்பங்கரையில் சூடு எட்டும் தூரத்தில் தொங்கவிட்டேன். துருவைச் சுரண்டி, ஒயரைச் சால்டர் வைத்து, ஓட்டையைச் சிலிக்கான் பசையால் அடைத்தேன். 355 ஓம். எவ்வளவு ஆட்டினாலும் 355.

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி ஒன்று. பசை காயட்டும் என்று நேற்று முழுக்கத் தொடவில்லை.

காலையில் பொறி பார்த்தேன். நீலம். பகல் வெளிச்சத்திலேயே தெரிந்தது, சத்தமும் கேட்டது. பிளக்கை மாட்டி, சோக்கை ஏற்றி, பத்தடி மிதித்துக் கிளட்சை விட்டேன். இருமியது, ஒரு பெரிய வெள்ளைப் புகை, அப்புறம் பிடித்துக்கொண்டது. கைப்பிடி நடுங்கியதில் எனக்கு மூக்கு அரித்தது, கண்ணும் கலங்கிவிட்டது. கொட்டகையில் மாடு கயிற்றை இழுத்து எழுந்து நின்றது.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எதுவும் பேசவில்லை. கேரியரில் சாக்கும் அரிவாளும் ஏற்கெனவே கட்டியிருந்தார். வாங்கி ஏறிப் போனவர், பதினொரு மணிக்குச் சாக்கு நிறையத் தேங்காயோடு திரும்பினார். அதில் பத்துக் காயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், நாளை மல்டிமீட்டரோடு ஆரியங்காவுக்குக் கொண்டுபோக.