கடைசிப் பாயில் கேட்ட சொல்

சிறுபோகக் காலத்தில் பன்றிக் காவலுக்கு வயல் கொட்டிலில் படுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பகலில் பக்கத்து வாய்க்கால் கட்டில் நின்று கூப்பிட்டாலே கேட்காது. இரவு பத்து மணி தாண்டினால், எங்கேயோ ஒரு கோயிலில் பாடுகிற பாட்டு நெல்லுக்கு மேலால் வந்து காதில் விழும். கொஞ்ச நேரம் முழுப் பாட்டு, பிறகு தாளம் மட்டும், பிறகு ஒன்றுமில்லை, திரும்பவும் பாட்டு. வட்டக்கச்சியில் வளர்ந்த எனக்கு இசை என்றால் முதலில் அதுதான். எந்தக் கோயில், யார் பாடுவது என்று தெரியாது. விளங்காத சொற்களை நானே இட்டு நிரப்பிக்கொண்டு நித்திரையாகிவிடுவேன்.

அதற்குக் காரணம் சொன்னவர் எங்கள் பௌதிகவியல் சேர். இரவில் நிலத்தோடு ஒட்டிய காற்றுக் குளிர்ந்துவிடும். மேலே உள்ளது அதைவிடச் சூடாக இருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். அதனால் மேலே கிளம்பின ஒலி வளைந்து திரும்ப நிலத்துக்கே வரும் என்று கரும்பலகையில் ஒரு வளைகோடு கீறினார். பகலில் இதற்கு எதிர்மாறு, ஒலி வானத்துப் பக்கம் வளைந்து போய்விடும். அன்றைக்கு இடைவேளை மணி அடித்தும் நான் வாங்கைவிட்டு எழும்பவில்லை. அந்த வளைகோடு தொடங்குகிற இடத்தில் ஒருநாள் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிடித்தது.

1980 ஆம் ஆண்டு ஆனி மாதம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஒலி ஒளி அமைப்பு வைத்திருந்தார். மெல்லிசைக் கோஷ்டி ஒன்றோடு ஊர் ஊராகப் போவார்கள். கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டதால் கையுதவிக்கு ஆள் தேவைப்பட்டது. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முறிகண்டியில நிக்கச் சொல்லு, லொறி வரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எந்த லொறி, என்ன நிறம் என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கண்டி வீதியால் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா விடியப்புறமே எழும்பிப் புட்டு அவித்துக் கட்டித் தந்தா. இரண்டு சாரம், ஒரு காற்சட்டை, ஒரு துவாய். கிளிநொச்சிவரை சைக்கிள், அங்கிருந்து இ.போ.ச. பஸ். எட்டரைக்கே போய் இறங்கிவிட்டேன்.

அந்த இரண்டரை மணித்தியாலத்தை இப்போதும் நிமிடம் நிமிடமாகச் சொல்லுவேன். சாரதிமார் இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு, திருநீற்றோடு போய்க் கதவைச் சாத்துகிற சத்தம். வறுத்த கச்சான் மணம். பாலைப்பழக் காலம் என்பதால் மஞ்சள் பழங்களைக் குவித்து வைத்துச் சுண்டால் அளந்து விற்றார்கள். வாங்கித் தின்றால் உதட்டில் பால் ஒட்டும். புதுவேலைக்குப் போகிறவன் ஒட்டின வாயோடு நிற்கக்கூடாது என்று பழத்தை விட்டுவிட்டுக் கச்சான் ஒரு சரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

லொறி பதினொரு மணிக்கு வந்தது. பின்னால் வைக்கோலுக்குள் எட்டு ஹோண், வயர்ச் சுருள்கள், ரியூப் லைற்றுகள், கயிறு போட்டு இறுக்கிய லிஸ்ரர் என்ஜின், அவற்றுக்கிடையில் ஐந்து பேர். கோஷ்டிக்காரர் பின்னேரம் வானில் வருவார்களாம். முன்னுக்கிருந்து இறங்கியவர்தான் அண்ணை. அவருடைய பெயரை நான் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கும் எழுதவில்லை. என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"படிச்ச பெடியனோ?"

"ஓம் அண்ணை."

"பின்னால ஏறு. மைக் பெட்டியை மடியில வைச்சிரு. லொறி குலுங்கினா நீ குலுங்கு, பெட்டி குலுங்கக்கூடாது."

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம். அங்கிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 30 மைல். இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு. கிளைகள் லொறிப் பெட்டியில் உரசும்போதெல்லாம் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் பக்கம் வந்தபோது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குக் கை காலியாக இல்லை. மனதுக்குள் கும்பிட்டேன். முள்ளியவளை தாண்டி ஒரு சின்னக் கோயில் வீதியில் லொறி நின்றபோது என் முழங்கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

அண்ணை இறங்கியதும் சாமானைத் தொடவில்லை. குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக் காற்றில் விட்டார்.

"சோளகம் எந்தப் பக்கம் இழுக்குது எண்டு பார். காத்துக்கு எதிராக் கட்டினா கரண்டும் வீண், பாடுறவன்ர தொண்டையும் வீண்."

சேர் கரும்பலகையில் சொல்லாத பாடம் அது. காற்றுப் போகிற பக்கம் ஒலியும் வளைந்து கீழே இறங்கும் என்று பின்னாளில் படித்தேன். அண்ணைக்கு அது கைமண்ணில் தெரிந்திருந்தது. என்ஜினைக் காற்றுப் போகிற பக்கமாகத் தள்ளி, மடத்துக்கு அப்பால் இறக்கினார்கள், அதன் இரைச்சல் சனத்துக்கு வராமல். ஹோண் யூனிற்றுகள் 16 ஓம். இரண்டைச் சமாந்தரமாகக் கட்டினால் 8 ஓம் என்று நான் வாய்க்குள் சொன்னதை அண்ணை கேட்டுவிட்டார். ஒன்றும் பேசாமல் குறட்டை என் கையில் தந்தார்.

ஆறு மணிக்கு மைக்கைச் சோதித்துப் பார்த்தபோது, வாய் வைத்த பெடியன் துள்ளி விலகினான். மைக் கரண்ட் அடித்தது. எர்த் கம்பி ஒழுங்காகத்தான் இறக்கியிருந்தது. ஆனால் மழை கண்டு பல நாளான மண், கம்பியைச் சுற்றித் தூளாகக் கிடந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் உப்பு நீரில் மின் பாய்வதைச் செய்து பார்த்தது நினைவுக்கு வர, மடைப்பள்ளிக்கு ஓடி உப்பு வாங்கி வாளித் தண்ணீரில் கரைத்துக் குழிக்குள் ஊற்றினேன். இரண்டாம் வாளிக்கு மைக் அடங்கியது.

"பள்ளிக்கூடத்தில படிப்பிக்கினம்தான்" என்றார் அண்ணை. அந்த ஒரு வசனத்தை சேரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அடுத்த தவணைக்கு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு சண்டை வந்தது. இன்று அவர் இல்லை. நம் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் கை முதலில் இந்த நாளுக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

சுவாமி வீதி சுற்றி வந்து இருப்புக்குப் போன பிறகு, பத்தரைக்குக் கச்சேரி தொடங்கியது. அக்கோடியன், மன்டலின், டொல்கி, பொங்கோஸ். முதல் பாட்டுக் கிளம்பியபோது அம்பிளிபயருக்குப் பக்கத்தில், அந்த வளைகோட்டின் தொடக்கத்தில் நான் நின்றேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

அண்ணை தோளில் தட்டினார்.

"இங்க நிண்டா சத்தம்தான் கேக்கும். கடைசிப் பாயில இருக்கிற கிழவிக்குச் சொல்லு விளங்கோணும். போய்க் கேட்டுக்கொண்டு வா."

சனத்தை விலக்கிக்கொண்டு போனேன். கடைசிப் பாய் வாசல் பக்கத்துப் புளியமரத்தடியில் கிடந்தது. பேரப்பிள்ளைகள் மூன்று பேர் நித்திரை, அவர்களுக்கு நடுவில் ஒரு ஆச்சி.

"ஆச்சி, பாட்டு விளங்குதோ?"

"பாட்டு வருது மோனை. சொல்லுத்தான் ரெண்டு ரெண்டாக் கேக்குது."

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். புளியமரத்தில் சனத்தைப் பார்த்தபடி ஒரு ஹோண். மேடை அங்கிருந்து 100 மீற்றர் இருக்கும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். மரத்து ஹோண் சொன்ன சொல்லையே மேடை ஹோண் கால் செக்கனுக்கும் கொஞ்சம் கூடப் பிந்திச் சொன்னது. ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஒரு வரி பாட்டைக் கேட்டார். "ஏறித் திருப்பு. வெளிப் பக்கம் பாக்கட்டும்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புளியில் ஏறி, கயிற்றைத் தளர்த்தி, ஹோணைத் திருப்பிக் கட்டினேன். இறங்கி ஆச்சியிடம் போனேன்.

"இப்ப?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. மேடைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு, "அம்மா எண்டெல்லே கூப்பிடுறான்" என்று தனக்குத்தானே சொன்னா. பிறகு பிள்ளையின் காலை ஒதுக்கி எனக்குப் பாயில் இடம் விட்டா. சட்டைப் பையில் இருந்த முறிகண்டிக் கச்சானை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

இங்கே ரொறன்ரோவில் நம் சங்கத்தின் கலைவிழாக்களில் நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் நிற்பதைக் கண்டு முன்னுக்கு வந்து இருக்கச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். பழக்கம் அன்றைக்கு வந்தது.

கோது உடைத்துக்கொண்டே மேலே பார்த்தேன். நான் திருப்பிக் கட்டின ஹோண் வீதியைத் தாண்டி, இருட்டுக்குள் கிடந்த வயல்வெளியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது.