டிவி ரெக்கார்டர் கட்டிய கதை: தவறு கடிகாரத்தில், நான் ஏறியது மொட்டை மாடியில்

அம்மா பிறந்தது புனலூர். கல்யாணமாகி செங்கோட்டைக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் டிடி மலையாளத்தை விடவில்லை. ஆனால் அவள் வேலை முடிந்து வீடு வருவதற்குள் மதிய நிகழ்ச்சி முடிந்துவிடும். அதைப் பதிவு செய்து வைக்கத்தான் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, சிக்னலை அதற்குள் கொண்டுவரும் யூஎஸ்பி ட்யூனர், தூர்தர்ஷனின் இலவச ஃப்ரீ டிஷ் குடை, பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருள் எல்லாம்.

முதல் நான்கு நாளை ட்யூனர் தின்றது. பையின் இயங்குதளமான லினக்ஸில் ஓடும் என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் வாங்கினேன். ஒரே மாடல் எண்ணில் உள்ளே வேறு சிப் வைத்து விற்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பார்க்காதீர்கள், செருகியபின் எல்எஸ்யூஎஸ்பி என்ற லினக்ஸ் கட்டளை காட்டும் எண்ணைப் பாருங்கள். ட்யூனர் சிப்பை இயக்கும் ஃபர்ம்வேர் கோப்பைத் தேடிப் போட்டு மூன்று தடவை ரீபூட் செய்தும் அசையவில்லை. கடைசியில் ட்யூனரின் அடாப்டரையே பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துச் செருகியதும் எடுத்துக்கொண்டது. வெறுமனே பையை ரீபூட் செய்வதால் ட்யூனருக்குப் போகும் கரண்ட் நிற்காது, அது பழைய நிலையிலேயே கிடக்கும்.

சேனல் தேடும் ஸ்கேன் ஒரே தடவையில் முடிந்தது (செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரி).

அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. குடையின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி போய்விட்டது என்று தென்காசிக்கு இரண்டு நடை, இரண்டாவது நடை கடைக்காரர் கொடுத்த தவறான எல்என்பியை மாற்ற. புதுசு போட்டும் அதே கதிதான். சாரல் காற்றில் குடையின் போல்ட் தளர்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மாடியில் நின்று நூலளவு நூலளவாகத் திருப்பினேன், கீழே இருந்து தம்பி "அக்கா, வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்தியதும் இறுக்கினேன்.

முடிந்தது என்று நினைத்த வாரத்தில்தான் அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, வேற என்னமோல்லா ஓடுது!"

படம் பளிச்சென்று இருக்கிறது, நிகழ்ச்சிதான் வேறு. சேனல் மாறிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஸ்கேன் செய்தேன், மாடிக்கும் ஏறினேன். மூன்றாம் நாள்தான் பை நேரத்தோடு எழுதி வைக்கும் லாக்கை ஒழுங்காகப் படித்தேன். காலை 11.40க்குப் போன கரண்ட் மதியம் 1.20க்கு வந்திருக்கிறது, ஆனால் லாக் 11.17 என்று தொடங்குகிறது. பை 4ல் தனிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், மணிக்கொரு தடவை சேமித்து வைத்ததில் கடைசியான பழைய நேரத்திலிருந்தே எழுந்திருக்கும், இணையம் வந்தால்தான் சரியாகும். அன்று ஃபைபரும் சாயங்காலம் வரை வரவில்லை. 2 மணி நிகழ்ச்சியை 4 மணிக்கு மேல் பதிவு செய்திருக்கிறது!

கரண்ட் இல்லாதபோதும் பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்று வாங்கிச் செருகி, கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அந்தப் பழைய நேரத்தைச் சேமிக்கும் ஃபேக்-எச்டபிள்யூகிளாக் நிரலை நீக்கினேன். சாரல் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ட்யூனருக்கு முன்னாலேயே இதை வாங்கிவிடுங்கள். மாட்டியதும் நெட் கேபிளைக் கழற்றி, கரண்டை நிறுத்திப் போட்டு நேரம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பதிவாகும்படி வையுங்கள்.

நேற்று கரண்ட் இரண்டு தடவை போனது. அம்மா வந்து, கால் கழுவி, காபியோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள்.