வீணை வகுப்பும் கால் நொடித் தாமதமும்

மயிலாப்பூரில் இருக்கும் என் வீணை ஆசிரியரிடம் பெங்களூருவிலிருந்து ஜூம் வழியே கற்று வருகிறேன். வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மீட்டுவதில்லை. அவர் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வாசித்து நிறுத்துவார். அதை நான் தனியே வாசித்துக் காட்ட வேண்டும். இந்த ஒழுங்கை வகுத்தவர் அவரல்லர், இணையத்தின் தாமதம்தான்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். இணைய அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால், ஆசிரியர் 50 மீட்டருக்கு அப்பால் அமர்ந்து வாசிப்பதற்கு அது சமம். ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்ற காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) நான்கு சுரங்கள் வரும்போது ஒரு சுரத்துக்குக் கால் நொடிதான் கிடைக்கிறது. அவர் வாசிப்பதோடு நான் பிசகாமல் சேர்ந்து வாசித்தாலும், என் ஒலி அவரைச் சென்றடையும்போது ஒரு சுரத்துக்கும் மேல் பிந்தியிருக்கும். ஆகவே தாளத்தை வாசிப்பவரே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசிரியரின் கைத்தாளத்தில் சாய்ந்துகொண்டு ஒப்பேற்றும் வசதி என்னைப் போன்றவர்களுக்கு இதில் இல்லை. அது நல்லதென்றே நினைக்கிறேன்.

சுருதிக்கும் தனி ஏற்பாடு தேவை. தம்புராச் செயலியை ஆசிரியர் தம் பக்கம் ஓடவிட்டால், ஒரே சீராக ஒலிக்கும் அந்த நாதத்தை மின்விசிறி இரைச்சலோடு சேர்த்து மென்பொருள் அமுக்கிவிடும். வீணையில் ஒரு சுரம் நீண்டு ஒலிக்கும் கார்வைக்கும் அதே கதி நேரும். இரு பக்கமும் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற அமைப்பை இயக்கி, ஹெட்போன் மாட்டி, எதிரொலி நீக்கத்தை அணைத்த பிறகுதான் இழுத்த தந்தியின் ஒலி பாதியில் அறுபடாமல் கேட்கிறது. தம்புரா இப்போது அவரவர் அறையிலேயே ஓடுகிறது.

நேர் வகுப்பில் கிடைக்காத ஒன்றும் இதில் உண்டு. எதிரே அமர்ந்து கற்பவருக்கு ஆசிரியரின் வீணை மெட்டுகள் (தந்திகளுக்குக் கீழே குறுக்காகப் பதித்த கம்பிகள்) தலைகீழாகத்தான் தெரியும். எங்கள் ஆசிரியரோ இன்னொரு கைபேசியை மெட்டுகளுக்கு மேலே, ஒலியை அணைத்து, மாட்டி வைத்திருக்கிறார். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ சுரம்) ஓரிடத்தில் நிற்காமல் அடுத்த சுரமான மத்தியமத்தை (‘ம’) எட்டி அசையும்போது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து தந்தியை எவ்வளவு தூரம் தள்ளுகின்றன, எங்கே தளர்த்துகின்றன என்பதை அவர் கண்ணிலிருந்தே பார்ப்பதுபோல் பார்க்க முடிகிறது. “காதுக்குப் பிடிபட்ட பிறகு விரலைப் பாருங்கள்” என்று அவர் அடிக்கடி கண்டிப்பதும் இதனால்தான்.

வலக்கை விஷயத்தில் திரை கைகொடுப்பதில்லை. மீட்டின் அழுத்தமும் நாதத்தின் கனமும் ஒலிவாங்கியைத் தாண்டும்போது மெலிந்துவிடுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் ஆரம்பப் பயிற்சிகளான சரளி, ஜண்டை வரிசைகளையேனும் நேரில் கற்பது நல்லது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. அவற்றில் ஒன்று இடம் பெயர்ந்தால் சுரம் பிசகுவதை ஆசிரியர் திரைக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளை மெழுகில் மீண்டும் சரியான இடத்தில் பதிப்பதற்கு, வீணையைக் கைவினைஞரிடம் எடுத்துச் சென்றுதான் ஆக வேண்டும். சென்னைக்குப் போகும்போதெல்லாம் புதுப்பாடம் எதுவும் கேட்பதில்லை. அதுவரை கற்ற வர்ணங்களை (பயிற்சிக்கும் கச்சேரிக்கும் உரிய ஒரு வகை உருப்படி) இரண்டு காலங்களிலும் (வேகங்களிலும்) ஆசிரியரோடு சேர்ந்து வாசிப்பதற்கே அந்த வகுப்பு சரியாகப் போகிறது.