ஆப்பிரிக்கன் வயலட்: ஓர் இலை போதும்

வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் சின்னப் பூச்செடியான ஆப்பிரிக்கன் வயலட்டின் சொந்த ஊர் தான்சானியாவின் மலைக்காடுகள். அங்கே மர நிழலில், பாறை இடுக்குகளில் வளரும் செடி. அதனால்தான் நேர் வெயில் பட்டால் இலை கருகுகிறது. ஜன்னலோர வெளிச்சம் போதும்.

புதுச் செடி உண்டாக்க நான் விதை பக்கமே போவதில்லை. நடு அடுக்கிலிருந்து ஓர் இலையைக் காம்போடு எடுப்பேன். வெளி அடுக்கு இலை கிழடு, நடுக்குருத்து ரொம்பப் பிஞ்சு. காம்பைச் சுமார் 3 செ.மீ. விட்டு, சுத்தமான பிளேடால் சாய்வாக வெட்டி, பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல் துகள்) கலந்த தேங்காய்நார்த் துகளில் செருகிவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிடுவேன். தண்ணீரில் வேர்விட வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. அந்த வேர் மண்ணுக்கு மாறும்போது மறுபடி பழகியாக வேண்டும்.

ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். குட்டிச்செடிகள் மண்ணுக்கு மேல் தலைகாட்ட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை இழுத்துப் பார்க்கக் கூடாது, கை எவ்வளவு அரித்தாலும் சரி.

தண்ணீரை அடித்தட்டில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். குளிர்ந்த நீர் இலைமேல் பட்டால் வெளிறிய தழும்பு விழும், அது போகாது.

அப்புறம், இதழில் காற்றாடி போலக் கோடு ஓடும் 'கைமேரா' வகைகளை இலையிலிருந்து பெருக்கினால் பெரும்பாலும் அந்தக் கோடு வராது. இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காக அமைந்த செடி அது. இலைக்காம்பில் முளைக்கும் குட்டிக்கு அந்த அடுக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. அதற்குப் பக்கக் கன்றைத்தான் பிரித்து நட வேண்டும்.