ஊறுகாய் பாட்டிலில் ஒரு டைகிரி

காக்டெயில் என்றால் குலுக்கிக் கலக்க ஷேக்கர், விலை உயர்ந்த சிரப், நீலக் கலர் பாட்டில் எல்லாம் வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! பொள்ளாச்சியில் நாங்கள் கூட்டாளிகள் கூடினால் வாயகன்ற ஊறுகாய் பாட்டில்தான் ஷேக்கர். மூடி இறுக்கமாக இருந்தால் சரி.

எங்களுக்குப் பிடித்தது டைகிரி என்ற ரம் காக்டெயில். கியூபாவில் சாந்தியாகோ பக்கம் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது. வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பழத்தையும் சேர்க்கலாம். பக்கத்தில், கேரள எல்லையில் இருக்கும் முதலமடை மாம்பழம் மற்ற ஊர்க்காரர்களுக்கு முன்னாலேயே எங்களுக்கு வந்துவிடும். பழம் நல்ல இனிப்பு என்றால் பாகைப் பாதியாக்குவோம். பாகும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில்தான். நிறம் கலங்கல், பார்க்க அழகில்லை. ஆனால் ரம்மும் கரும்பு பெற்ற பிள்ளைதானே, ருசி அப்படிச் சேருகிறது.

அன்னாசிச் சாறு இன்னும் விசேஷம். குலுக்கியதும் மேலே நுரை கெட்டியாகக் கட்டும், முட்டை வெள்ளைக்கரு தேவையே இல்லை. ஐஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குறைவாகப் போட்டால்தான் சீக்கிரம் கரைந்து எல்லாம் தண்ணியாகும். சோடா சேர்ப்பதென்றால், மற்றதையெல்லாம் குலுக்கிய பிறகு டம்ளரில் ஊற்றுங்கள், இல்லையென்றால் மூடி பறக்கும்.

வண்டி ஓட்ட வேண்டியவனுக்கு ரம்முக்குப் பதில் இளநீர், எலுமிச்சை, நசுக்கிய இஞ்சி. "மாப்ள, அதுல எனக்கும் ஒரு டம்ளர் ஊத்து" என்று மற்றவர்களும் நீட்டுவார்கள்.